பழைய சொட்டு மருந்து

நின்ஃபா கார்தோசோவும் நானும் ஒரே ஆண்டில் கண் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர்கள். படிப்பு முடிந்து தலைநகர் அசுன்சியோன் அரசு மருத்துவமனையிலேயே இருவருக்கும் வேலை கிடைத்தது. ஓர் அறையை மரப்பலகையால் இரண்டாகத் தடுத்து, சன்னல் இருந்த பாதியை அவளுக்கும் மறுபாதியை எனக்கும் கொடுத்தார்கள். காலையில் நான் தெரெரே என்ற இலைப் பானத்தைக் கலந்து, குளிர்ந்த நீரோடு குவளையைப் பலகைக்கு மேலாக நீட்டுவேன். அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவாள். பாதி நாள் எங்களுக்குள் பேச்சே இருக்காது.

கண் டாக்டர் என்றால் புரை எடுக்கிறவர் என்றுதான் ஊரில் நினைப்பு. நானும் அதைத்தான் செய்தேன். அதில் ஒரு சுகம் உண்டு. இன்று புரையை எடுத்தால் நாளை கட்டைப் பிரித்ததும் நோயாளி நம் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார். அடுத்த வாரம் கோழி கொண்டுவந்து தருவார். கருவிழிப் புண்ணில் அதெல்லாம் கிடையாது. வாரக்கணக்கில் போராடிப் புண்ணை ஆற்றினாலும் தழும்பு மிஞ்சும். கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டரிடமே "இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டு போவார்கள்.

கரும்பு வெட்டும் மாதங்களில் எங்கள் மருத்துவமனை நடைவழி முழுக்க வைக்கோல் தொப்பி வைத்த ஆட்கள் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் கதை ஒன்றுதான். வெட்டும்போது கரும்புச் சோகை கண்ணில் கீறியிருக்கும். சோகையில் இருந்த பூஞ்சை அந்தக் கீறலுக்குள் குடியேறியிருக்கும். முதல் நாள் உறுத்தல், அப்புறம் சிவப்பு, அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு பூ. ஊரில் தேன் விடுவார்கள், தாய்ப்பால் பீய்ச்சுவார்கள், எலுமிச்சை பிழிகிறவர்களும் உண்டு. எல்லாம் பார்த்துவிட்டு எங்களிடம் வரும்போது பாதிக் கருவிழி கரைந்துபோயிருக்கும்.

நின்ஃபா பிரேசிலுக்குப் போய்க் கருவிழி நோய்களை மட்டும் தனியாகப் படித்துவிட்டு வந்தாள். அங்கேயே வேலைக்கு இருக்கச் சொன்னார்களாம். திரும்பி வந்தவளிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"புரை எடுக்க நீ இருக்கே. இவங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். அவள் அப்பாவும் தம்பியும் வில்யார்ரிக்கா பக்கம் கரும்பு போட்டவர்கள். அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

எங்களிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று. பால்போல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். கண்ணில் விட்டால் இமையோரத்தில் காய்ந்து பொருக்காக ஒட்டிக்கொள்ளும். அது வேலை செய்ய வாரங்கள் ஆகும். சிலருக்கு வேலையே செய்யாது. அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு மருந்து வந்தது. தண்ணீர்போல் தெளிவு. உள்ளே நன்றாக ஊறிப் போகும். நோயாளிகளின் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதில் புது மருந்தை விட்டால், விட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகச் செத்துக் கிடக்கும். நின்ஃபா தட்டை எடுத்துக்கொண்டு பலகையைச் சுற்றி என் பக்கம் வந்து காட்டினாள். "பாரு, டெர்லிஸ். பழசை விட்ட இடம் எது, புதுசை விட்ட இடம் எதுன்னு கண்ணு தெரியாதவன்கூட சொல்லிடுவான்."

ஆனால் தட்டில் நடப்பது கண்ணில் நடக்கவேண்டும் என்பதில்லை. அதை நிரூபிக்க ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்களில் சம்மதிக்கிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புது மருந்து. யாருக்கு எது என்று மருந்து விடுகிற நர்ஸுக்கு மட்டும்தான் தெரியும். நின்ஃபா பார்க்க வரும் முன்னால் கண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடுவார்கள். கணக்கெல்லாம் சாவ் பாவ்லோவில் ஒடிலோன் என்ற புள்ளியியல் நிபுணரிடம் போகும். அவரும் அவர் குழுவும் அவ்வப்போது பார்த்து, தொடரலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். அனுமதி வாங்கவும் பணம் புரட்டவும் அவளுக்கு வருடங்கள் பிடித்தன. அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று பேச்சில் இருந்தது. அது எப்போது பேச்சிலிருந்து போயிற்று என்று எனக்கு நினைவில்லை.

ஆராய்ச்சி பாதி வழியில் இருந்தபோது ஒரு ஜூலை மாதக் காலையில் அவள் தம்பி அத்திலியோ வந்தார். அவரை எனக்கு முன்பே பழக்கம். சிரிக்க வைக்காமல் யாரையும் விடமாட்டார். அன்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"அக்கா, நீதான் ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்கிறியே. அதான் ஒரு காரணத்தோட நானே வந்துட்டேன்."

நின்ஃபா எழுந்து அவர் கையை விலக்கிப் பார்த்தாள். "எப்ப ஆச்சு?"

"போன சனிக்கிழமை." கொஞ்சம் யோசித்தார். "இல்லை, அதுக்கு முந்தின சனிக்கிழமை."

"என்ன போட்டே?"

"வீட்டுல கிரெகோரியா தேன் விட்டா. அப்புறம் மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து குடுத்தார். அதைப் போட்டதும் சிவப்பெல்லாம் ஓடிப்போச்சு. சரியாயிடுச்சுன்னுதான் இருந்தேன்."

சிவப்பை ஓட்டுகிற அந்த மருந்து பூஞ்சைக்குத் தீனி. எங்களுக்கு அது தெரியும். நின்ஃபா அவரைக் கண் பார்க்கும் மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்துப் புண்ணைச் சுரண்டினாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கிளை கிளையாகப் படர்ந்து கிடந்தது.

ஆராய்ச்சி செய்கிறவரின் ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் அதில் சேரமுடியாது. அதனால் அத்திலியோவுக்குச் சீட்டு இல்லை. எந்த மருந்து என்பதை அவளேதான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

"பழசைப் போடு. நமக்குப் பழகின மருந்து" என்றேன்.

"பழகின மருந்துல கண்ணு போறதும் பழகிப்போச்சு நமக்கு."

"புதுசைப் பத்தி இன்னும் முடிவு வரலையே."

"வரலை. ஆனா அவன் என் தம்பி. எது நல்லதுன்னு நம்புறேனோ அதைத்தான் அவனுக்குப் போடுவேன்."

எனக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அந்தத் தட்டை நானும் பார்த்தவன்தானே.

வார்டில் கட்டில் போட்டு, மணிக்கொரு தரம் அவளே வந்து மருந்து விட்டாள். நர்ஸுகளைத் தொடவிடவில்லை. அத்திலியோ அடுத்த கட்டில்காரர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். "எங்கக்காவுக்குச் சின்ன வயசிலேர்ந்து என் கண்ணுல ஏதாவது விடணும்னு ஆசை. அப்ப மண்ணு, இப்ப மருந்து." முதலில் புண் கொஞ்சம் வற்றியதுபோல் இருந்தது. பிறகு ஓரத்தில் வேர் விட்டது. ஒரு நாள் காலை அவள் டார்ச் அடித்துப் பார்த்தபோது நடுவில் ஓட்டையாகிக் கண்ணீரோடு உள்நீரும் கசிந்துகொண்டிருந்தது.

இறந்தவர் ஒருவரின் கருவிழி கிடைத்தது. நின்ஃபாவே தைத்தாள். நாட்டில் அவளைவிட நன்றாகத் தைக்கிறவர் கிடையாது. தைத்த கருவிழி ஒரு வாரம் பளிங்காக இருந்தது. பிறகு பூஞ்சை அதிலும் ஏறியது. விட்டால் மூளைக்குப் போய்விடும் என்ற நிலை வந்தபோது கண்ணை எடுத்துவிடுவது என்று முடிவானது. அதைச் செய்யச் சொல்லி என்னிடம் கேட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் முன்னால் அத்திலியோ என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், எடுத்ததை நாய்க்குப் போட்டுடாதீங்க. வெட்கங்கெட்ட கண்ணு அது, பார்க்கக்கூடாததெல்லாம் பார்த்திருக்கு."

நின்ஃபா முகமூடி கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள். கேட்காமலே கத்தரியை எடுத்துக் கொடுத்தாள், பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் கை கழுவிவிட்டுப் புறநோயாளிகள் பக்கம் போய் மிச்சமிருந்தவர்களைப் பார்த்தாள். சாயங்காலம் என்னிடம், "நல்லா செஞ்சே. ரத்தமே அதிகம் வரலை" என்றாள்.

ஒரு கண் போனதை வைத்து ஒரு மருந்தைத் தீர்மானிக்க முடியாது. தாமதமாக வந்தார், கடைக்காரர் மருந்து புண்ணைக் கெடுத்திருந்தது, பூஞ்சை ஆழமாகப் போயிருந்தது. காரணங்கள் இருந்தன. ஆராய்ச்சி தொடர்ந்தது. அத்திலியோ ஊருக்குத் திரும்பினார். செயற்கைக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "பார்க்கத் தெரியாத கண்ணு எனக்கெதுக்கு?" என்று மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அக்காவோடு கால்பந்து பேசுவார். அவளுக்குக் கால்பந்து தெரியாது. கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு அறுவடை கழிந்த பிறகு, சூடான வடகாற்று வீசிய ஒரு மத்தியானம், ஒடிலோனிடமிருந்து அழைப்பு வந்தது. நின்ஃபா ஒலிபெருக்கியைப் போட்டாள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி குழு முடிவு பண்ணிருக்கு. இன்னிக்கே நிறுத்தணும்."

"புது மருந்து அவ்வளவு முந்திடுச்சா?" அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அவளிடம் அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

"இல்லை டாக்டர். பழசுதான் முந்தியிருக்கு. கொஞ்ச நஞ்சமா இல்லை. புதுசு போட்டவங்களுக்குக் கருவிழி ஓட்டையானது ரெண்டு மடங்கு. கரும்புலேர்ந்து வர்ற அந்தப் பூஞ்சைக்கு அது கேட்கவே இல்லை. தட்டுல கேட்டுச்சு, கண்ணுல கேட்கலை."

"கணக்குல தப்பு?"

"மூணு பேர் தனித்தனியா போட்டுப் பார்த்துட்டோம்."

"சரி" என்றாள். "சரி. நன்றி ஒடிலோன். உங்க வேலையை நல்லா செஞ்சிருக்கீங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். புது மருந்தில் இருந்த எல்லாரையும் பழைய மருந்துக்கு மாற்றினாள். என்ன, ஏன் என்று நர்ஸுகளுக்கு ஒருமுறைக்கு இருமுறை நிதானமாக விளக்கினாள். திரும்பி வந்து, மேசைமேல் இருந்த ஆரஞ்சை உரித்தாள். ஒவ்வொரு சுளையாக முழுவதையும் தின்றாள். நான் பலகையைச் சுற்றிப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். சன்னலுக்கு வெளியே புழுதி பறந்தது. அத்தனை வருடம் ஒருத்தி தூக்கிச் சுமந்தது இப்படி ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிந்துபோகும் என்றால், அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது?

மருத்துவமனை இயக்குநர் கூப்பிட்டுப் பேசினார். இதையெல்லாம் உடனே வெளியிட அவசரமில்லை, இன்னும் கொஞ்சம் அலசிப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

"அடுத்த அறுவடைக்குள்ள எல்லா டாக்டருக்கும் தெரியணும் சார். பக்கத்து நாட்டுலேயும் புதுசைப் போட ஆரம்பிச்சிருக்காங்க. கூட்டத்துல நான் பேசினதைக் கேட்டுட்டுப் போனவங்கதான் அவங்க."

அவள் எழுதினாள். தன் மருந்து தோற்றது என்பதை முதல் வரியிலேயே எழுதினாள். நான் படித்துப் பார்த்தேன். மழுப்பல் இல்லை. வருத்தமும் இல்லை. யாரோ எழுதியதுபோல் இருந்தது.

ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்குத் தபாலில் தகவல் அனுப்பினால் போதும் என்பது விதி. நின்ஃபா அது போதாது என்றாள். கண் போனவர்களை நேரில் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனி, ஞாயிறுகளில் என் காரில் போனோம். நெடுஞ்சாலையில் கூடை சுமந்த பெண்கள் சன்னலுக்குள் கைவிட்டு விற்கும் சூடான சீப்பா ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பெரும்பாலும் அது ஆறிப்போய் அங்கேயே கிடக்கும்.

சத்துர்னினா என்று ஒரு விதவை. வலது கண் போனவள். கோழிகளை விரட்டிவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டாள். நின்ஃபா குவாரனி மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, இருக்கிற கண்ணை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"அப்போ எனக்கு விழுந்தது கெட்ட சீட்டா?"

"ஆமாம்மா."

"அதானே பார்த்தேன். கோவில் குலுக்கல்ல ஒரு கோழிக்குஞ்சுகூட எனக்கு விழுந்ததில்லை." தெரெரேக் குவளையில் தண்ணீர் ஊற்றி நின்ஃபாவிடம் நீட்டினாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போட்டிருப்பீங்களா டாக்டரம்மா?"

"மாட்டேன்."

"பின்னே என்ன? மரவள்ளி வெந்திடுச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க."

எல்லா வீடும் அப்படி இல்லை. இத்தூர்பே பக்கம் ஒரு வீட்டில் நோயாளி உட்கார்ந்திருந்தார். அவர் மகள் எழுந்து நின்றாள்.

"எங்கப்பா என்ன எலியா? உங்க ஆராய்ச்சிக்கு எலி கிடைக்கலையா?"

"கோபப்படுங்க. கேட்டுக்கிறேன்" என்றாள் நின்ஃபா.

"கையெழுத்து வாங்கும்போது என்ன சொன்னீங்க? ரெண்டுமே நல்ல மருந்துன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். அப்படித்தான் நினைச்சேன்."

"நினைச்சாங்களாம்!" அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "பாருங்கப்பா. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலை இந்தப் பொம்பளைக்கு. கல்லு மாதிரி நிக்கிறா."

திரும்பி வரும் வழியில் வெகுதூரம் வந்தபிறகு நின்ஃபா பேசினாள். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன், டெர்லிஸ். வரலை."

"வரும்."

"வராட்டியும் பரவாயில்லை. திங்கக்கிழமை ரெண்டு ஆபரேஷன் இருக்கு."

கடைசியாக அத்திலியோ வீடு. அவர் ஆராய்ச்சியில் இல்லாதவர். சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் அதை எடுத்துச் சொன்னேன். "வண்டியைத் திருப்பு, வில்யார்ரிக்கா ரோடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அத்திலியோவின் மனைவி கிரெகோரியா நின்ஃபாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அத்திலியோ நெருப்பின் பக்கத்தில் இருந்தபடியே கத்தினார். "வாங்க வாங்க! இறைச்சி வேகறதை எப்படித்தான் மோப்பம் பிடிச்சீங்களோ!"

சாப்பிடும் முன்னாலேயே சொல்லிவிட்டாள். நின்றுகொண்டே சொன்னாள். இரண்டு மருந்து, கணக்கு, நிறுத்தியது, எல்லாம். அத்திலியோ கையில் இடுக்கியோடு கேட்டுக்கொண்டிருந்தார். இடது இமை உள்ளே ஒட்டி மூடியிருந்தது.

"நீ எனக்குப் போட்டது எது?"

"புதுசு."

"அப்போ பழசைப் போட்டிருந்தா என் கண்ணு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லாதே." அவர் சத்தம் போடவில்லை. "உனக்குத் தெரியும்னுதானே பஸ் ஏறி வந்தேன். ஊர்ல எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க. அக்கா இருக்கா, உனக்கென்ன கவலைன்னு."

"நல்லதுன்னு நம்பித்தான் போட்டேன், அத்திலியோ."

"சீட்டு எடுத்தவனுக்காவது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்துச்சு. உன் தம்பியாப் பொறந்ததால எனக்கு அதுவும் இல்லை."

கிரெகோரியா கைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். அத்திலியோ திரும்பிப் போய் இறைச்சியைப் புரட்டிப் போட்டார். வெந்ததும் எங்களுக்குத் தட்டில் வெட்டி வைத்தார். விருந்தினருக்குக் கொடுக்கும் நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்தார். சாப்பிட்டோம். அன்று அவர் ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியும் நின்றுபோனது.

நின்ஃபா லீமாவில் நடந்த மாநாட்டில் பேசினாள். அவள் கட்டுரை வந்தபின் கரும்பும் நெல்லும் விளைகிற எல்லா நாட்டிலும் டாக்டர்கள் புது மருந்தைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள். எத்தனையோ கண் அதனால் பிழைத்திருக்கும். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கை தட்டினாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"ஆமா. சத்தம் பெரிசா இருந்துச்சு."

அந்த வருடம் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். வேலையில் ஒரு குறை கிடையாது. சுரண்டினாள், தைத்தாள், இளம் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளை மருந்தை எல்லாருக்கும் விட்டாள். யாராவது வேடிக்கையாகப் பேசினால் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். நான் நீட்டுகிற குவளையை வாங்கி உறிஞ்சிவிட்டுத் தந்தாள். ஒருமுறை நான் தண்ணீரில் மூலிகை போட மறந்திருந்தேன். அவள் கவனிக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் கிரெகோரியா எனக்கு ஃபோன் செய்தாள். நின்ஃபாவுக்கு இல்லை, எனக்கு. மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. ஊர் வழக்கப்படி விழா வைக்கிறார்கள். அப்பா மகளோடு முதல் ஆட்டம் ஆடவேண்டும். படம் எடுப்பார்கள்.

"இந்த மூஞ்சியோட படத்துல நிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறார் டாக்டர். இப்ப அந்தச் செயற்கைக் கண்ணு வெச்சுக்கறேன்னு வாயால சொல்லிட்டார். மனசு மாறுறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"அக்கா இங்கதான் இருப்பாங்க, பரவாயில்லையா?"

"கேட்டேன். மருத்துவமனை என்ன அவ வீடா, இருந்தா இருக்கட்டும்னார்."

செயற்கைக் கண் செய்கிற வில்ஃப்ரீதோ மாதம் ஒருமுறை எங்களிடம் வருவார். அத்திலியோவை என் பாதியில் உட்காரவைத்து, வெள்ளைச் சில்லில் கருவிழியின் நிறத்தைத் தூரிகையால் தீட்டத் தொடங்கினார். வலது கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழுப்புக்குள் மஞ்சள் கீற்று வைத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் நின்ஃபா இருந்தாள். நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

"ஏங்க, பச்சையாப் போடுங்களேன்" என்றார் அத்திலியோ. "செய்யறதுதான் செய்யறீங்க, சினிமாக்காரன் கண்ணு மாதிரி செய்ங்க."

பலகைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "பச்சை போட்டா பொண்ணுக்கு அப்பனை அடையாளம் தெரியாது."

வில்ஃப்ரீதோவின் தூரிகை நின்றது. அத்திலியோ பலகையைப் பார்த்தார்.

"நீ பேசாதே. உன் பேச்சைக் கேட்டு ஒரு கண்ணு போச்சு."

பிறகு அத்திலியோவே உதட்டைக் கடித்துக்கொண்டார். "பழுப்பே போடுங்க" என்றார் வில்ஃப்ரீதோவிடம், தாழ்ந்த குரலில்.

நின்ஃபா எழுந்து வந்தாள். குழியைப் பார்த்தாள், சுத்தமாக இருக்கிறது என்றாள். "வலது கண்ணையும் பார்க்கணும், இப்படி வா." மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தாள். "மோவாயை வை. நெத்தியை ஒட்டு." அத்திலியோ சொன்னபடி செய்தார். விளக்கைச் சாய்த்துக் கீற்றாக்கி, வலது கருவிழியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா அப்புறம் என்னத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறே?"

அவள் விளக்கை அணைத்தாள். "வெட்டும்போது கண்ணாடி போடு. பிளாஸ்டிக் கண்ணாடி, பக்கமெல்லாம் மறைக்கிற மாதிரி. நான் வாங்கித் தர்றேன்."

"வேர்வையில ஆவி படியும். ஒண்ணுமே தெரியாது."

"தெரியாமலே வெட்டு."

"கையை வெட்டிக்கிட்டா?"

"கை டாக்டர் மேல்மாடியில இருக்கார்."

அத்திலியோ சிரித்தார். சிரிக்கக்கூடாது என்று இருந்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. நின்ஃபா சிரிக்கவில்லை. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். கரும்புக்காட்டு ஓரம் பந்தல் போட்டு, விளக்குச் சரம் கட்டி, ஹார்ப் வாசிக்கிறவரை நகரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். அத்திலியோ வெள்ளைச் சட்டையில் மகளோடு ஆடினார். தூரத்திலிருந்து பார்த்தால் எந்தக் கண் எது என்று சொல்லமுடியாது. கிரெகோரியா அழுதாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் அழுதார்கள். நின்ஃபா தட்டில் சோள ரொட்டியை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். அழவில்லை.

அடுத்து போல்கா ஆட்டம் தொடங்கியது. அத்திலியோ எங்களை நோக்கி வந்து, அக்கா முன்னால் கை நீட்டினார்.

"எனக்கு ஆடத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரியும். எழுந்திரு. வலப்பக்கமா நில்லு. இந்தப் பக்கம் நின்னா உன்மேலேயே மோதுவேன்."

இருவரும் மோசமாக ஆடினார்கள். தாளம் ஒருபக்கம், கால் ஒருபக்கம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நின்ஃபா தரையைப் பார்த்தபடி அடி வைத்தாள். பாட்டு முடிந்ததும் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குது, டெர்லிஸ். ரொம்ப வலிக்குது. இந்தச் செருப்பு."

"கழட்டிப்போடு" என்றேன்.

கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. விழா முடியும்வரை செம்மண் தரையில் வெறுங்காலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.